மேடையை எடுங்கள், பக்கத்தில் ஆடுகிறவரை விடுங்கள்



சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறோம். நம்முடைய இசை நிகழ்ச்சிகளில், பக்கத்தில் நின்று ஆடிப் பாடுகிறவரின் முகத்தை அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் படம்பிடித்து இணையத்தில் போடும் பழக்கத்தை நிறுத்த வேண்டும். "நல்ல எண்ணத்துலதான் போட்டோம்", "வைப் செமையா இருந்துச்சு", "நம்ம ஜனங்க சந்தோஷமா இருக்கறத உலகம் பாக்கட்டுமே" என்று வரும் பதில்கள் எதுவும் போதாது. ஏன் போதாது என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

இது மேனர்ஸ் பற்றிய பேச்சு இல்லை. முன்னால் நிற்பவர் போனைத் தூக்கிப் பிடித்தால் பின்னால் இருப்பவருக்கு மேடை தெரியவில்லை என்ற புகாரும் இல்லை. யாருடைய முகம் யார் கைக்குப் போகிறது, போன பிறகு அந்த முகத்துக்கு உரியவருக்கு என்ன ஆகிறது என்பதே கேள்வி. சாதிச் சமூகத்தில் அதற்கு உயிரையே விலையாகக் கொடுத்தவர்கள் உண்டு.

ரீல்ஸ் ஓடி முடிந்த பிறகு

மார்கழியிலும் தையிலும், ஏப்ரலில் பாபாசாகேப் பிறந்தநாளை ஒட்டியும் நிகழ்ச்சிகள் வரிசைகட்டி நடக்கின்றன. மறுநாள் காலை போனைத் திறந்தால் மேடை பத்து வினாடி, கூட்டம் நாற்பது வினாடி. கூட்டத்திலும் கேமரா எல்லோரையும் ஒன்றுபோலப் பார்ப்பதில்லை. முடியை அவிழ்த்துவிட்டு ஆடும் பெண், தோளில் கைபோட்டு நிற்கும் ஜோடி, திருநங்கைத் தோழர், தலைமுடிக்குக் கலர் அடித்த பையன்கள், அம்பேத்கர் பாட்டுக்குக் கண்கலங்கும் பெரியவர் என்று தேடித் தேடி ஜூம் செய்கிறது. வெளியே தெரிந்தால் யாருக்கு ஆபத்து அதிகமோ அவர்தான் கேமராவுக்கு நல்ல ஷாட்.

களப்பணியில் எங்களிடம் வந்த மூன்று பிரச்சினைகளைச் சொல்கிறோம். பெயரும் ஊரும் சொல்ல மாட்டோம். சொன்னால் எதைக் கண்டிக்கிறோமோ அதையே செய்தவர்கள் ஆவோம்.

விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவி ஒருவர் வீட்டுக்குத் தெரியாமல் நிகழ்ச்சிக்கு வந்தார். முன்பின் தெரியாத ஒருவர் எடுத்துப் போட்ட வீடியோ, வெளியூரில் வேலை பார்க்கும் சித்தப்பாவின் போனுக்குப் போய்ச் சேர்ந்தது. "படிக்க அனுப்பினா ரோட்டுல ஆடிட்டு இருக்கா" என்று செமஸ்டர் நடுவில் வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். அவர் திரும்பி வர இரண்டு மாதம் ஆனது. அது நம் சமூகத்துக் குடும்பம்தான். கூடத்தில் பாபாசாகேப் படமும் மாட்டியிருக்கிறது. ஆணாதிக்கம் நம் வீட்டுக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது என்பதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

கடையில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர். நகரத்தில் வாடகை வீடு. "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்விக்குப் பட்டும் படாமலும் பதில் சொல்லி வீடு பிடித்தவர். நீலத் துண்டைத் தோளில் போட்டுப் பறைக்கு ஆடிய எட்டு வினாடி வீடியோவை வீட்டு ஓனரின் மகன் பார்த்துவிட்டான். ஓனர் சாதியைப் பற்றி வாய் திறக்கவில்லை. "சொந்தக்காரங்க வர்றாங்க, அடுத்த மாசம் வீட்டைக் காலி பண்ணிக் குடுத்துடுங்க" என்றார். எந்தச் சட்டத்தில் வழக்குப் போடுவது?

மூன்றாவது ஒரு ஜோடி. இருவரும் வேறு வேறு சாதி. வீடியோவைப் பார்த்துப் பதறிப்போய், எடுத்துப் போட்டவருக்குச் செய்தி அனுப்பினார்கள். "நல்லா போயிட்டிருக்கு தோழர், ரெண்டு நாள் கழிச்சு எடுத்துடறேன்" என்று பதில் வந்தது. அந்த இரண்டு நாளும் அவர்கள் எப்படித் தூங்கியிருப்பார்கள்?

கோகுல்ராஜ் நினைவிருக்கிறதா?

2015 ஜூன் 23. ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், உடன் படித்த தோழியோடு திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்குப் போனார். பேசிக்கொண்டிருந்தார்கள். வேறெதுவும் இல்லை. அந்தப் பெண் வேறு சாதி, இருவரையும் சேர்த்துச் சிலர் பார்த்துவிட்டார்கள் என்பது போதுமானதாக இருந்தது. மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் அவர் உடல் கிடந்தது. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

அங்கே கொலைகாரர்கள் நேரில் வந்து பார்க்க வேண்டியிருந்தது. இன்று அந்த வேலையை நம் போன் செய்து கொடுக்கிறது. சேர்ந்து நின்ற இருவர், இடத்தின் பெயர், தேதி, நேரம் எல்லாம் ஒரே பதிவில் கிடைக்கின்றன. சாதிச் சங்கங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் 'நம்ம பொண்ணு' யாரோடு சுற்றுகிறாள் என்று உளவு பார்ப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் சம்பளம் வாங்காத ஒற்றர்களாக வேலை செய்ய வேண்டுமா?

பாட்டே ஆபத்தாக முடிந்ததும் உண்டு. 2015 மே மாதம் மகாராஷ்டிரத்தின் ஷீரடியில், போனில் அம்பேத்கர் பாட்டு ரிங்டோனாக ஒலித்தது என்பதற்காகத் தகராறு தொடங்கி ஒரு தலித் மாணவர் அடித்துக் கொல்லப்பட்டதாக வழக்குப் பதிவானது. பாக்கெட்டுக்குள் ஒலித்த பாட்டுக்கே அந்தக் கதி என்றால், அந்தப் பாட்டுக்கு ஆடுகிறவரின் முகத்தைத் தெற்கே ஏதோ ஒரு கிராமத்தில் அவர் படிக்கும் பள்ளியின் குழுவரை கொண்டுபோய்ச் சேர்ப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று யோசியுங்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் வீடு புகுந்து வெட்டியவர்கள், வெட்டப்பட்ட மாணவரோடு ஒரே பள்ளியில் படித்தவர்கள்.

அரசையும் மறந்துவிடக் கூடாது. 2017 டிசம்பர் 31இல் புனேயில் நடந்த எல்கார் பரிஷத் நிகழ்ச்சியை ஒட்டிய வழக்கில், கபீர் கலா மஞ்ச் பாடகர்கள் 2020 செப்டம்பரில் கைது செய்யப்பட்டார்கள். பாட்டுப் பாடிய மேடையே சதிக்கு ஆதாரம் என்று சொல்லும் காலம் இது. தமிழ்நாடு காவல்துறைக்கு முகமறியும் மென்பொருள் 2021இல் வந்துவிட்டது. மேடை ஏறியவர் தெரிந்தே ஏறினார். கீழே நின்று கைதட்டிய பத்தொன்பது வயதுப் பிள்ளையை ஏன் பட்டியலில் சேர்க்கிறீர்கள்?

நம் உடலும் அடுத்தவர் கேமராவும்

நம் உடலைக் கேட்காமல் படமெடுப்பது இன்ஸ்டாகிராமில் தொடங்கியதில்லை. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். மனிதர்களை நிறுத்தி வைத்து மூக்கின் நீள அகலத்தை அளந்தார்கள், தலையை அளந்தார்கள், படம் எடுத்தார்கள். அந்தப் பக்கங்களில் நிற்கும் பலருக்குப் பெயர் கிடையாது. சாதிப் பெயர் மட்டும் இருக்கிறது. சமூகவியல் வகுப்பில் அந்தப் படங்களைக் காட்டும்போது யாராவது ஒருவர், "எடுக்கும்போது இவரிடம் கேட்டார்களா?" என்று கேட்டிருக்கிறாரா?

அதற்கு நேர் எதிரில் இருப்பது பாபாசாகேபின் படம். நீல கோட்டு, கழுத்துப்பட்டை, கையில் புத்தகம். ஊர் நமக்கு விதித்த உடுப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, என்னை இப்படிப் பார் என்று உலகத்துக்குச் சொன்ன படம். சேரிதோறும் அந்தச் சிலையை ஏன் வைத்தோம்? எப்படித் தெரிய வேண்டும் என்பதை நாமே முடிவு செய்வோம் என்பதற்காகத்தான். அந்தச் சிலையைக் கூண்டுக்குள் வைத்துப் பாதுகாக்க வேண்டியிருக்கும் நாட்டில், உயிருள்ள நம் தோழரின் முகத்தைப் பாதுகாப்பில்லாமல் திறந்துவிடுகிறோம்.

'புள்ளிங்கோ' மீம்களை நினைத்துப் பாருங்கள். வடசென்னைப் பையன்கள் தங்கள் முடியையும் உடையையும் ஆட்டத்தையும் சந்தோஷமாகப் போட்ட வீடியோக்கள் எப்படிக் கேலிப்பொருள் ஆயின? சாதிப் பெயரைச் சொல்லாமலே சாதியைத் திட்ட ஒரு புதுச் சொல் கிடைத்தது. அந்தப் பையன்களாவது தாங்களே போட்டார்கள். நிகழ்ச்சிக்கு வந்தவர் போடவே இல்லை. அவர் ஆட்டத்தை நீங்கள் போட்டீர்கள். கமெண்டில் வந்து விழும் அசிங்கத்தை அவர் சுமக்கிறார். லைக் உங்களுக்கு, வசை அவருக்கு. இது என்ன கணக்கு?

மயிலாப்பூர் சபாவில் முன் வரிசையில் தாளம் போடும் மாமியை ஜூம் செய்து, மேலே நக்கலாகத் தலைப்பு வைத்து யாரும் ரீல்ஸ் போடுவதில்லை. கச்சேரி தொடங்கும் முன் போனை அணைத்து வையுங்கள் என்று அறிவிப்புச் செய்கிறார்கள், அணைக்கிறார்கள். அங்கே வருகிறவர் ரசிகர். நம் நிகழ்ச்சிக்கு வருகிறவர் மட்டும் ஏன் காட்சிப்பொருள்?

இந்த நிகழ்ச்சிகள் எதற்காக?

2018 ஜனவரி 6ஆம் தேதி கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் முறையாக மேடை ஏறியது. பண்டிதர் அயோத்திதாசரின் 'சாதி பேதமற்ற' என்ற சொல்லிலிருந்து எடுத்த பெயர். சாவு வீட்டுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட கானாவும் பறையும் நடு மேடையில் நின்றன. 2020 டிசம்பரில் 'மார்கழியில் மக்களிசை' வந்தது. சபாக்களின் மாதத்தில் நமக்கும் ஒரு மேடை.

மேடையில் நடந்ததைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. கீழே நடந்ததைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம். ஊரில் நாம் எப்போதும் பார்க்கப்படுகிறோம். செருப்புப் போட்டு எந்தத் தெருவில் நடக்கிறான், கூலிங்கிளாஸ் போட்டு யாருக்கு முன்னால் வண்டி ஓட்டுகிறான், அந்தப் பொண்ணு யாரோடு பஸ்ஸில் பேசிக்கொண்டு வருகிறாள் என்று ஊரின் கண் நம்மேலேயே இருக்கிறது. அந்தக் கண் இல்லாத மூன்று மணி நேரம்தான் நம் நிகழ்ச்சி. அங்கே ஒருவர் கையைத் தூக்கி ஆடுவது, யாரும் தன்னைக் கணக்கெடுக்கவில்லை என்ற நம்பிக்கையில். உங்கள் போன் அந்த நம்பிக்கையை உடைக்கிறது. ஊரின் கண்ணை நீங்களே டிக்கெட் வாங்கிக் கொடுத்து உள்ளே கூட்டி வருகிறீர்கள்.

அடுத்த முறை அவர் வரமாட்டார். வந்தாலும் ஓரமாகக் கைகட்டி நிற்பார். கூட்டத்தைக் காட்டி இயக்கத்தை வளர்ப்பதாக நினைக்கிறோம். உண்மையில் கூட்டத்தை விரட்டிக்கொண்டிருக்கிறோம்.

கேட்கப்படும் கேள்விகள்

'பொது இடத்துக்கு வந்துவிட்டு என்ன பிரைவசி?' இதுதான் முதலில் வரும் கேள்வி. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்ன புட்டசாமி தீர்ப்பிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. பொது இடத்தில் இருப்பதால் மட்டும் ஒருவர் தன் தனியுரிமையை இழந்துவிடுவதில்லை. ஆயிரம் பேர் நடுவில் ஆடுவதற்கு ஒருவர் சம்மதிக்கிறார். அந்த ஆயிரம் பேரும் அவரைப் போலவே வந்தவர்கள். அந்தச் சம்மதம் போனில் பார்க்கப்போகும் லட்சம் பேருக்கானது இல்லை. கூட்டத்தில் கரைவது வேறு, கூட்டத்திலிருந்து ஒரு முகத்தைப் பிய்த்து எடுப்பது வேறு.

'நம் வரலாற்றை நாம்தானே ஆவணப்படுத்த வேண்டும்?' கண்டிப்பாக வேண்டும். நம்மைப் பற்றிய பதிவுகள் இல்லாமல் போனதன் வலி நமக்குத் தெரியும். ஆனால் ஆவணம் என்றால் யார் எடுத்தார், எப்போது எடுத்தார், யாருடைய சம்மதத்தோடு எடுத்தார் என்ற பொறுப்பு இருக்க வேண்டும். பின்னணியில் வேறு பாட்டைச் சேர்த்து, முகத்துக்கு ஃபில்டர் போட்டு, இருபத்து நான்கு மணி நேரத்தில் மறையும் ஸ்டோரிக்கு ஆவணம் என்று பெயர் வைக்காதீர்கள்.

'வீடியோதானே நம் ஆயுதம்?' ஆமாம். 2016 ஜூலையில் குஜராத்தின் உனாவில் தலித் இளைஞர்களைக் கட்டி வைத்து அடித்தவர்கள், ஊரை மிரட்டத் தாங்களே வீடியோவைப் பரப்பினார்கள். அதுவே நாடெங்கும் போராட்டத்தை மூட்டியது. கோகுல்ராஜ் வழக்கிலும் கோயில் சிசிடிவி பதிவு முக்கியமான ஆதாரமாக நின்றது. கவனியுங்கள், அந்தப் பதிவு போய்ச் சேர்ந்தது நீதிமன்றத்துக்கு. தடியைத் தூக்கும் போலீஸை எடுங்கள். நிகழ்ச்சியைத் தடுக்க வரும் கும்பலை எடுங்கள். அதிகாரத்தைப் பார்த்துக் கேமராவைத் திருப்புவது சாட்சி. பலவீனமான இடத்தில் நிற்பவரைப் பார்த்துத் திருப்புவது வேடிக்கை. இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

கடைசிக் கேள்விதான் கடினமானது. 'ஏன் ஒளிய வேண்டும்? தலித் என்று சொல்ல, அம்பேத்கரியர் என்று சொல்ல வெட்கமா? முகத்தைக் காட்டத் தயங்கினால் என்ன சுயமரியாதை?' மேடையில் பேச நன்றாக இருக்கும் வார்த்தைகள். ஆனால் இந்த வீரத்துக்கு விலை கொடுப்பது யார்? யாஷிகா தத் தன் நூலுக்கு 'தலித் என்று வெளிவருதல்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் பெயர் வைத்தார். வெளிவந்தவர் அவரே. எந்த நாளில், எந்தச் சொற்களில் என்று முடிவு செய்ததும் அவரே. வாடகை வீடு, வேலை, தங்கையின் படிப்பு எல்லாவற்றையும் எடைபோட்டு, இன்னும் ஒரு வருஷம் பேசாமல் இருப்போம் என்று ஒருவர் முடிவெடுத்தால் அது கோழைத்தனம் இல்லை, அவர் வாழ்க்கையைப் பற்றிய அவர் கணக்கு. அந்தக் கணக்கை எட்டு வினாடியில் அழிக்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? அடுத்தவரைக் கேட்காமல் அவருக்காக முடிவெடுப்பதற்குப் பெயர் சுயமரியாதை இல்லை. அது ஊர் நாட்டாமையின் வேலை.

சட்டம் பார்த்துக்கொள்ளுமா?

பார்த்துக்கொள்ளாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு, அந்தரங்க உறுப்புகளைப் படமெடுப்பதைப் பற்றித்தான் பேசுகிறது. 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் தன் சொந்தத் தேவைக்காகக் கையாளும் தரவுகளுக்குப் பொருந்தாது. கமெண்டில் சாதியைச் சொல்லித் திட்டினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுக்கலாம். இணையத்தில் இழிவுபடுத்துவதும் அந்தச் சட்டத்துக்குள் வரும் என்று 2022இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனால் அதெல்லாம் அடி விழுந்த பிறகு. அந்த முகத்தை முதலில் வெளியே விட்டவரைச் சட்டம் பெரும்பாலும் கேட்காது. ஆகவே நாம்தான் கேட்க வேண்டும்.

நீக்கிவிட்டால் சரியாகிவிடும் என்றும் நம்பாதீர்கள். நீங்கள் நீக்குவதற்குள் யாரோ திரைப்பதிவு செய்திருப்பார். 2025 ஜூலையில் அமெரிக்காவில் கோல்ட்பிளே இசை நிகழ்ச்சியில் பெரிய திரையில் சில வினாடிகள் தெரிந்த இருவரை, முகம் தெரியாத ஆட்கள் சீக்கிரமே பெயரோடும் வேலையோடும் கண்டுபிடித்துவிட்டார்கள். நம் ஊரிலும் மீம்கள் பறந்தன. இருவரும் வேலையை விட்டு விலக நேர்ந்தது. அந்த இருவர் செய்தது சரியா தவறா என்பது நம் பேச்சு இல்லை. ஒரு முகம் கிடைத்தால் ஆளைப் பிடிப்பது இன்று எவ்வளவு சுலபம் என்பதுதான் பேச்சு. அங்கே போனது வேலை. இங்கே என்ன போகும் என்று மேலே எழுதிவிட்டோம்.

என்ன செய்யலாம்?

படம் எடுக்கும் தோழர்களுக்கு: மேடையை எடுங்கள். பறையை, டோலக்கை, பாடகரை எடுங்கள். கூட்டத்தின் பிரம்மாண்டம் வேண்டுமென்றால் பின்னாலிருந்து எடுங்கள், தூக்கிய கைகளை எடுங்கள். ஒருவரின் முகம் அடையாளம் தெரியும்படி வந்தால் போடுவதற்கு முன் அவரிடம் காட்டுங்கள். "தோழர், இத போடலாமா?" என்று கேட்க மூன்று வினாடி போதும். கேட்க முடியவில்லை என்றால் முகத்தை மறைத்துவிடுங்கள், அல்லது போடாதீர்கள். ஜோடிகள், குழந்தைகள், திருநர் தோழர்கள் இருந்தால் இருமடங்கு கவனம். இடத்தையும் நேரத்தையும் நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே டேக் செய்யாதீர்கள். நீக்கச் சொன்னால் காரணம் கேட்காமல் அந்த நிமிடமே நீக்குங்கள். காரணத்தைச் சொல்ல வைப்பதே இன்னொரு தொல்லை.

நிகழ்ச்சி நடத்துகிறவர்களுக்கு: பெர்லின் நகரத்தின் புகழ்பெற்ற இரவு விடுதிகளில், உள்ளே நுழையும்போதே போன் கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புகிறார்கள். தன்பாலின ஈர்ப்புள்ளவர்களும் மற்றவர்களும் பயமில்லாமல் ஆட வேண்டும் என்ற அக்கறை அதில் இருக்கிறது. நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அரங்கின் ஒரு பக்கத்தைப் 'படம் எடுக்காத பகுதி' என்று கயிறு கட்டிப் பிரிக்கலாம். படத்தில் வர விரும்பாதவர்களுக்கு நுழைவாயிலில் ஒரு அடையாள அட்டை கொடுக்கலாம். தொகுப்பாளர் தொடக்கத்தில் ஒருமுறை, நடுவில் ஒருமுறை மைக்கில் சொல்லலாம். நீக்கச் சொல்ல ஒரு தொலைபேசி எண்ணைப் போஸ்டரிலேயே அச்சடிக்கலாம். முதலில் உங்கள் அதிகாரபூர்வப் பக்கத்திலிருந்தே தொடங்குங்கள். கிரேன் கேமரா கூட்டத்துக்குள் இறங்கி ஒரு பெண்ணின் முகத்தில் நிற்பது உங்கள் வீடியோவில்தான் அதிகம்.

கூட்டத்தில் நிற்கும் மற்றவர்களுக்கு: உங்கள் பக்கத்தில் ஒருவர் அடுத்தவர் முகத்தை எடுப்பதைப் பார்த்தால் கையைத் தாழ்த்தச் சொல்லுங்கள். எடுக்கப்பட்டவரே சண்டை போடட்டும் என்று விட்டுவிடாதீர்கள். அவர் ஆடிக்கொண்டிருக்கிறார். அவருக்குத் தெரியக்கூடத் தெரியாது.

சாதியை ஒழிப்போம் என்று மூன்று மணி நேரம் சேர்ந்து பாடுகிறோம். பக்கத்தில் நிற்பவரை அவர் வீட்டுக்குப் பத்திரமாகத் திருப்பி அனுப்புவதிலிருந்து அந்த வேலை தொடங்குகிறது. அடுத்த நிகழ்ச்சிக்கு வாருங்கள், போனையும் கொண்டு வாருங்கள். எடுப்பதற்கு முன் கேளுங்கள்.

ஜெய் பீம்.